இரண்டு ஊர் ஜன்னல்கள்

ஷோபா: ...அங்க குழாயத் தொறந்தா தண்ணி வரும், மூடுனா நிக்கும். அவ்ளோதான்க்கா. அதப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

குணசுந்தரி: தோ, ஆரம்பிச்சிட்டா. காலைல எழுந்ததுலேர்ந்து இது எத்தினியாவது 'அங்க'டி?

ஷோபா: எண்ணிக்கினா இருக்க?

குணசுந்தரி: எண்ணாம? பல்லு வெளக்கும்போது ஒண்ணு. இட்லிக்கு ஒண்ணு. பாத்ரூம் போயிட்டு வந்து ரெண்டு.

ராஜப்பா: ட்ரம்மு வழியுது குணா...

குணசுந்தரி: வழிஞ்சா பைப்ப எடுத்து குடத்துல வுடேன்யா. வாயி கீது, கை இல்லயா உனக்கு?

ராஜப்பா: அக்கா தங்கச்சி சண்டைல நா இன்னா பண்ணேன்? வாரம் பூரா பெங்களூர்ல கம்பெனி கேட்ல நிக்கறேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளு வூட்ல கீறேன். ஒரு காப்பி...

குணசுந்தரி: தண்ணி புடிச்சி முடிச்சாதான் காப்பி. இன்னிக்கு வுட்டா இனி அடுத்த வாரம்தான்.

ஷோபா: பாத்தியா? வாரத்துக்கு ஒருவாட்டி தண்ணி. இதுலதான் எம் பொண்ணு வளரணுமா?

குணசுந்தரி: ரெண்டு வருஷமா இதுலதான் வளந்தா. நீ இங்கிலாந்துல கெழவிங்களுக்குக் குளிப்பாட்டிக்கினு இருந்தப்ப, உம் பொண்ணுக்கு இந்தத் தண்ணிய காய வச்சிதான் நா தல ஊத்துனேன். நாறியா பூட்டா?

ஷோபா: நாறிப் போனான்னு யாரு சொன்னா? லீவு முடிஞ்சி ஜூன்ல திரும்பும்போது நேத்ராவ இட்டுனு போறேன்னு சொன்னேன். அவ்ளோதான்.

குணசுந்தரி: அவ்ளோதானா... கடைல குடுத்து வச்ச பைய வாங்கிக்கினு போற மாதிரி சொல்ற.

ராஜப்பா: ஏய், மெதுவா. பக்கத்து வூட்ல ரத்தினம்மா கீறா.

குணசுந்தரி: கேக்கட்டும். அவளுக்கும்தான் இவ ஒரு மணி நேரம் இங்கிலாந்து புராணம் படிச்சாளே. ரோட்ல எச்சி துப்ப மாட்டாங்களாம். பஸ்ஸு ஏறுனா டிரைவரு குட் மார்னிங் சொல்லுவானாம்.

ஷோபா: சொல்றான். அது பொய்யா?

குணசுந்தரி: நம்ம ஊரு டிரைவரு உன்ன பேரு சொல்லி கூப்புடுவான். 'ஷோபா, சீக்கிரம் ஏறும்மா'ன்னு நிறுத்தி வச்சிருப்பான். அங்க ஒருத்தனுக்கு உம் பேரு தெரியுமா?

ஷோபா: பேரு தெரிஞ்சி என்ன பண்றது? பஸ்சுல உக்கார எடம் வேணும்.

குணசுந்தரி: 'என்ன'வாம். கேட்டியாய்யா? ஏரோப்ளேன் ஏறுனதும் 'இன்னா' பூட்ச்சி.

ஷோபா: கிண்டல் பண்ணு. நல்லா பண்ணு. ஆனா நா சொல்றதுல ஒண்ணாவது தப்புன்னு சொல்லு பாப்போம். ஆஸ்பத்திரி? ஸ்கூலு? ரோடு? இந்த ஊருல எது நல்லா இருக்கு? தங்க மைன்ஸ மூடி இருபத்தஞ்சி வருஷம் ஆச்சி. தங்கத்த எடுத்துட்டு, அரைச்ச மண்ண மலையா கொட்டிட்டுப் போனாங்க. காத்தடிச்சா அந்த சயனைடு மேட்டுத் தூசிதான் நம்ம சோத்துல. இன்னும் அதுக்குக் கீழயே குடும்பம் நடத்திக்கினு...

குணசுந்தரி: எடுத்தது யாருடி? கொட்டுனது யாரு? உங்க இங்கிலாந்துக்காரன்தான மொத கம்பெனி போட்டான். நம்ம தாத்தா, அவரு அப்பா எல்லாம் பூமிக்குள்ள எறங்கி எடுத்துக் குடுத்த தங்கம்தான் அங்க குழாயில தண்ணியா ஊத்துது. அதப் போயி புடிச்சிக் குடிச்சிட்டு, இங்க வந்து எங்க தண்ணி கலங்கலா கீதுன்ற.

ஷோபா: சரி. அப்ப அவரு கொள்ளுப்பேத்தி போயி அந்தத் தண்ணிய குடிக்கட்டுமே. நம்ம தங்கம்தான? நம்ம புள்ள குடிக்கட்டும்.

குணசுந்தரி: 'நம்ம' புள்ளயா? நேத்து வரிக்கும் 'எம் புள்ள'ன்ன.

ராஜப்பா: காத்து எழும்புது குணா. மேட்டுப் பக்கமிருந்துதான் வருது. சன்னல...

குணசுந்தரி: ஷோபா, அந்தப் பழைய புடவைய தண்ணில முக்கி எடு. நல்லா புழியாத. ஈரம் இருந்தாதான் தூசிய புடிக்கும்.

ஷோபா: மூணு வாரமா இதேதான். காத்து வந்தா ஊரே சன்னல்ல ஈரத் துணிய கட்டிக்கினு உள்ள உக்காந்திருக்கு. இது ஒரு பொழப்பா?

குணசுந்தரி: அங்க மட்டும் சன்னல தொறந்து வச்சிக்கினா தூங்கற? வீடியோல பாக்கும்போதெல்லாம் மூடிதான இருந்தது?

ஷோபா: அது குளிருக்கு.

குணசுந்தரி: எதுக்கோ. மூடிதான?

ராஜப்பா: அந்த முனைய இழுத்துக் கட்டுமா. ஆங், அப்டிதான். நேத்ரா ஆண்டர்சன்பேட்டைலதான கீறா, பிரெண்டு இசபெல்லா வூட்ல? குணா... மருந்து எடுத்துக்கினு போனாளா?

ஷோபா: என்ன மருந்து மாமா?

குணசுந்தரி: தலவலி மாத்திரடி. வெயில்ல போனா தல வலிக்கும் அவளுக்கு. யோவ், ட்ரம்ம மூடு. தூசி வுழுது.

ஷோபா: தலவலின்னு எங்கிட்ட அவ சொன்னதே இல்லயே.

குணசுந்தரி: உங்கிட்ட இன்னாதான் சொன்னா? பத்து நிமிஷம் போன்ல 'சாப்ட்டியா, படிச்சியா'. அதுல தலவலி எங்க வரும்?

ஷோபா: அதுக்குத்தான் இட்டுனு போறேன்னு சொல்றேன்! பத்து நிமிஷத்துக்கு மேல அம்மாவா இருக்கணும்னுதான்.

குணசுந்தரி: கத்தாத. இப்ப திடீர்னு ஞாபகம் வந்துச்சா? வந்த அன்னிக்கு வாசல்ல சூட்கேசோட நின்ன. நா வேணும்னே பேசாம நின்னுக்கினு இருந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு.

ஷோபா: என்ன வார்த்த?

குணசுந்தரி: தெரியாத மாதிரி கேளு. மைன்ஸ்ல ஷிப்ட்டு முடிஞ்சி இரும்புக் கேஜ்ல பூமிக்கு மேல வந்து, இதே வாசல்ல நின்னு அப்பா சொல்லுவாரே... 'ஏறியாச்சு'ன்னு. அது காதுல வுழுந்தாதான் அம்மா அடுப்புல கை வைக்கும். அதுக்கு முன்னாடி பச்சத் தண்ணி குடிக்காது.

ராஜப்பா: நானுந்தான் தினம் ரயில வுட்டு வந்து வாசல்ல நின்னு 'ஏறியாச்சு'ன்றேன். ஒரு காப்பி வரல.

குணசுந்தரி: நீ இன்னா பூமிக்குள்ளயா போயிட்டு வந்த?

ராஜப்பா: அந்த ரயில்ல நின்னு பாரு, தெரியும்.

ஷோபா: எனக்கு மறக்கலக்கா. ஆனா நீ பாதிய வுட்டுட்ட. டபுள் ஷிப்ட்டு அன்னிக்கு அப்பா சாப்ட மட்டும் வருவாரு. அன்னிக்கு அந்த வார்த்தய சொல்லுவாரா?

குணசுந்தரி: ...மாட்டாரு.

ஷோபா: ஏன்?

குணசுந்தரி: திரும்ப எறங்கப் போறவன் சொல்லக் கூடாது. சொன்னா பூமி கோச்சிக்கும்னு அம்மா சொல்லும்.

ஷோபா: தெரியுதில்ல? அதான் நானும் சொல்லல. கேஜு ஏறுனா அப்பாவுக்கு வூடாவது இருந்தது. எனக்கு மேல எது, கீழ எதுன்னே தெரியல.

குணசுந்தரி: பெரிய பேச்சு. புள்ளைய வுட்டுட்டுப் போனவளுக்கு இந்தப் பேச்சு எல்லாம் நல்லா வருது.

ஷோபா: வுட்டுட்டுப் போனேன்... சரி, நல்லா கேளு. இங்க இருந்தப்ப மட்டும் அவ மூஞ்சிய பாத்தேனா? மாரிகுப்பத்துல மொத ரயிலு. கெளம்பும்போது தூங்குவா. கக்கூஸ் கதவுல சாஞ்சிக்கினு நின்னு பெங்களூரு போயி, ஆஸ்பத்திரி வேலைல நாளெல்லாம் நின்னு, திரும்ப நின்னுக்கினே வந்து சேருவேன். அப்பவும் தூங்குவா. அவ புருவம் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். கண்ணு எப்டி இருக்கும்னு ஞாயித்துக்கெழமதான் தெரியும். அவங்கப்பன் வேற, ரெண்டாவது பொண்டாட்டியோட போயிட்டான். யாருக்காவது அப்ப கோவம் வந்துச்சா? இங்கயே நா அம்மாவா இல்ல, அங்க போயி இல்லாம இருந்தா என்னன்னுதான் போனேன்.

ராஜப்பா: அது நெஜந்தான் குணா.

குணசுந்தரி: நீ சும்னே இருய்யா.

ஷோபா: ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அவ எப்பலேர்ந்து உன்ன பெரிம்மான்னு கூப்புடறத நிறுத்துனா?

குணசுந்தரி: ...நா சொல்லிக் குடுக்கல.

ஷோபா: சொல்லிக் குடுத்தன்னு சொல்லல. எப்பலேர்ந்துன்னு கேட்டேன்.

குணசுந்தரி: தெரியல. ஒரு நாளு ராத்திரி மூச்சு... தூக்கத்துல 'ம்மா'ன்னா. காலைல திருத்துவான்னு பாத்தேன். திருத்தல. நானும் திருத்தல. திட்டணும்னா திட்டு.

ஷோபா: வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். 'ம்மா, தண்ணி'ன்றா. நா எழுந்துட்டேன். அவ உன்னப் பாத்துக்கினு இருக்கா.

குணசுந்தரி: நா அன்னிக்கு வேணும்னே எழுந்திரிக்கல ஷோபா. நீ குடுக்கட்டும்னுதான்...

ஷோபா: தெரியும். அதான் இன்னும் எரியுது. எனக்கு தானம் பண்ற மாதிரி.

குணசுந்தரி: எனக்குன்னு ஒண்ணு பொறக்கல. நா எங்கேர்ந்துடி தானம் பண்றது?

ராஜப்பா: குணா... போதும். ரெண்டு பேரும் வுடுங்க.

ஷோபா: இரு மாமா. அக்கா, இப்ப 'ராத்திரி மூச்சு'ன்னு எதோ சொல்ல வந்த.

குணசுந்தரி: இல்லயே.

ஷோபா: சொன்ன. மாமா மருந்துன்னாரு. நீ மூச்சுன்ற. அவளுக்கு என்ன?

குணசுந்தரி: ஒண்ணுமில்லன்றேன்ல.

ஷோபா: மாமா?

ராஜப்பா: எங்கிட்ட கேக்காதம்மா. இந்த வூட்ல எனக்கு ஒரு காப்பிக்கே வழியில்ல...

ஷோபா: மாமா, அவ எம் பொண்ணு.

ராஜப்பா: ...சொல்லிடு குணா. எனக்கும் நெஞ்சுல கல்லு மாதிரி கீது.

குணசுந்தரி: இன்ஹேலரு. போதுமா? போன வருஷம் காத்து மாசத்துலேர்ந்து. ஸ்கூல்ல ஓடுனா இழுக்குது. ராத்திரில இழுக்குது. பையில ஒண்ணு, தலகாணிக்கு அடில ஒண்ணு. நீ வந்தப்பறம் அரிசி டப்பா பின்னாடி ஒளிச்சி வச்சேன். 'அம்மா எதிர்ல எடுக்காத'ன்னு அவகிட்ட நாந்தான் சொன்னேன்.

ஷோபா: ஒரு வருஷமா... ஒரு வருஷமா எங்கிட்ட...

குணசுந்தரி: ஆமா.

ஷோபா: ஏன்க்கா?

குணசுந்தரி: ஏனா? டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? இந்தத் தூசி இவளுக்கு ஆவாது, நல்ல காத்து கீற எடத்துக்கு அனுப்புங்கன்னாரு. அத உங்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் இட்டுனு போயிடுவ. நீதான் தெனம் போன்ல 'அங்க காத்து அப்டி, அங்க காத்து இப்டி'ன்னு சொல்லிக்கினு இருந்தியே!

ராஜப்பா: பங்காரப்பேட்டைல வூடு பாக்கலாம்னு நா சொன்னேன். அங்க இவ்ளோ தூசி இல்ல. 'எங்கப்பன் இருந்த வூட்ட வுட்டு வரமாட்டேன்'னுட்டா உங்கக்கா.

ஷோபா: எங்கப்பன் இருந்த வூடா? இந்த வூட்லதான் அப்பா இருமி இருமி செத்தாரு! மைன்ஸ் தூசி நெஞ்சுல கல்லாயி, படுக்க முடியாம, செவுத்துல சாஞ்சே தூங்கி...

குணசுந்தரி: எனக்குத் தெரியாதா? முதுகுக்குத் தலகாணி வச்சவ நானு! அதே சத்தம்டி. அதே செவுரு. ராத்திரி அவ இருமுனா அப்பாதான் எழுந்து உக்காந்துட்டாருன்னு ஒரு நிமிஷம் தலகாணிய எடுத்துக்கினு எழுந்துடறேன். தெரிஞ்சேதான் வச்சிக்கினு இருந்தேன். அவ்ளோ கெட்டவ நானு. இன்னா பாக்கற? திட்டு. நாலு அடி அடி. மூணு வாரமா ஊரத் திட்டுனியே, என்னத் திட்டு. இட்டுனு போ ஷோபா. போயிடு. ஜூனு வரிக்கும் வேணாம், இந்த மாசமே போ. நா அழமாட்டேன். அந்த நல்ல காத்துல அவ ஓடட்டும், ஆடட்டும். உன்னையே ம்மான்னு கூப்புடட்டும். நாளைக்கே ஸ்கூல்ல டி.சி. வாங்கிக் குடுக்கறேன்.

ஷோபா: வேணாம்.

குணசுந்தரி: இன்னா வேணாம்?

ஷோபா: டி.சி. வாங்காத.

குணசுந்தரி: ஏண்டி? நானும் பாக்கறேன், 'வாங்கறேன் வாங்கறேன்'னு சொல்றியே தவிர ஸ்கூல் பக்கமே போவல நீ. இன்னா விஷயம்?

ஷோபா: அவள அங்க இட்டுனு போவ முடியாது.

ராஜப்பா: முடியாதுன்னா?

ஷோபா: என்ன மாதிரி வயசானவங்களப் பாத்துக்கற வேலைக்கு வர்றவங்க புள்ளைங்கள கூட்டிக்கினு வரக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க மாமா. 'மொதல்ல நீங்க போங்க, ஒரு வருஷத்துல பாப்பாவ கூப்டுக்கலாம்'னு ஏஜென்டு சொன்னான். போயி எறங்குனப்பறம் கூட வேல செய்யற பொண்ணுதான் சொன்னா, அந்தச் சட்டம் நா வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டுதுன்னு. அந்த ஊருக்காரங்க அப்பன் ஆத்தாவ நா தொடச்சி வுடலாம். எம் புள்ள மூக்க தொடைக்க முடியாது.

குணசுந்தரி: ரெண்டு வருஷமா தெரியுமா உனக்கு?

ஷோபா: தெரியும்.

குணசுந்தரி: தெரிஞ்சிக்கினா 'ஜூன்ல இட்டுனு போறேன், ஜூன்ல இட்டுனு போறேன்'னு என் குலைய நடுங்க வச்ச?

ஷோபா: ஆமா.

குணசுந்தரி: வெக்கமால்ல? மூணு வாரமா நா சோறு தின்னல, தெரியுமா உனக்கு? தண்ணி சரியில்ல, ரோடு சரியில்ல, காத்து சரியில்லன்னு இந்த ஊர கிழிச்சித் தொங்க வுட்டியே... எதுக்குடி? எதுக்கு?

ஷோபா: நீ சண்ட போடுவன்னு.

குணசுந்தரி: அதான் போட்டேனே!

ஷோபா: ஊருக்காகப் போட்ட. தண்ணிக்காகப் போட்ட. புள்ளைக்காகப் போட்ட. 'அங்க ஒண்ணும் கிழிக்கல, போவாதடி, இங்கயே இரு'ன்னு ஒருவாட்டி சொல்லுவன்னு நானும் ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டேன். நீ, புள்ளைய வுட்டுட்டுப் போன்ன. என்ன இருன்னு சொல்லவே இல்ல. அங்க எல்லாம் நெஜந்தான்க்கா. தண்ணி நெஜம். ரோடு நெஜம். டிரைவரு குட் மார்னிங் சொல்றது நெஜம். நா இருந்த ரூம்பு மட்டும் உனக்குக் காட்டல. வீடியோல ஒரு செவுரு மட்டுந்தான காட்டுவேன்? மத்த மூணும் கருப்பா பூஞ்ச. ஒரு வூட்ல ஆறு பொம்பளைங்க. சன்னல தொறந்தா சூடு போவுதுன்னு ஒருத்தி கத்துவா. எனக்கும் ராத்திரில இழுக்கும். வாயில துணிய வச்சிக்கினு இருமுவேன், பக்கத்துல படுத்திருக்கறவ எழுந்துடுவான்னு.

குணசுந்தரி: அடிப் பாவி. நீயுமா...

ஷோபா: ஒரு பாட்டி கீறா அங்க. தோட்டம் தெரியற மாதிரி தனி ரூம்பு, மெத்து மெத்துன்னு கட்டிலு, எல்லாம் கீது. தெனம் எங்கைய புடிச்சிக்கினு 'உனக்கு வூட்டுக்குப் போவ நேரமாச்சா'ன்னு கேப்பா. இல்ல பாட்டி, இன்னும் ஷிப்ட்டு கீதுன்னு சொல்லுவேன். ஒரு நாளு அத சொல்ல வாயி வரல.

குணசுந்தரி: ...'கீது'ன்ற.

ஷோபா: ம்?

குணசுந்தரி: ஒண்ணுமில்ல. நம்ம பேச்சு வந்துட்டுது, அதான்.

ராஜப்பா: காத்து பலமாயிடுச்சி. நா போயி புள்ளைய இட்டுனு வந்துடறேன். அந்த இன்ஹேலர எடு குணா.

குணசுந்தரி: அரிசி டப்பா பின்னாடி கீது பாரு. வாயில ஈரத் துணி கட்டி இட்டுனு வா. அப்பறம் யோவ்... நாளைக்கு லீவு போடு. பங்காரப்பேட்டைல அந்த வூடு இன்னும் காலியா கீதான்னு கேளு.

ராஜப்பா: நெஜமாவா? உங்கப்பன் வூடு?

குணசுந்தரி: இந்த வூட்டுக்கு எங்கப்பன் ஒருத்தன் போதும். கேளு.

ராஜப்பா: கேக்கறேன், கேக்கறேன். வந்ததும் காப்பி?

குணசுந்தரி: போய்யா!

ஷோபா: மாமா, கதவ மூடாதீங்க. இருக்கட்டும்.

குணசுந்தரி: தூசி வரும்டி. சரி, அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், ஒயுங்கா பதில் சொல்லு. ஜூன் பத்தாந்தேதி ஏரோப்ளேன்னியே. பத்தாந்தேதி திரும்ப எறங்கிடுவ. புள்ளைகிட்ட நா இன்னா சொல்றது? ...எங்கடி எழுந்து போற? பேசிக்கினே இருக்கும்போது...

ஷோபா: இரு, வரேன்.

குணசுந்தரி: இந்தப் புழுதில எங்க போற? ஷோபா! வாசல்ல நின்னுக்கினு இன்னா பாக்கற? கண்ணுல மண்ணு வுழும்... உள்ள வாடி! ஏண்டி அப்டி நிக்கற? ...ஷோபா?

ஷோபா: ஏறியாச்சுக்கா.